கொடியில் தொங்கிய சேலை, ஏற்றினதும் படுத்துக்கொண்டது

தங்கையின் விற்பனைத் தளத்தில் பக்கவாட்டில் படுத்துக்கிடந்த சேலைப் படங்களில், போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிக்கு முந்தினதும் நிமிர்ந்து நின்றது. தொடங்கி மூன்று வாரம். இதில் உருப்படியாகச் செய்தது என்று கணக்குப் பார்த்தால் நாலைந்து மணி நேரம்தான் தேறும். மிச்சமெல்லாம் தப்பான இடத்தில் குழி தோண்டியது. அந்தக் குழிகளையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன். அடுத்த தடவை நானே மறந்துவிட்டு மறுபடி அதே இடத்தில் கடப்பாரையோடு போய் நிற்பேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

தங்கை சின்னாளபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே சுங்குடிச் சேலைக்குப் பஞ்சமில்லை. வாங்கிவைத்துத் தன்னுடைய சின்ன இணையத் தளம் ஒன்றில் விற்கிறாள். தெரிந்த பையன் ஒருவன் நாலு வருஷத்துக்கு முன்னால் பிஎச்பி என்கிற நிரல் மொழியில் எழுதிக்கொடுத்தது அது. ஒரு சேலைக்கு மூன்று படம்: மாடிக் கொடியில் தொங்கவிட்டு முழுசாக ஒன்று, பாயில் மடித்துவைத்து ஒன்று, முந்தியை மட்டும் பாயில் விரித்துக் கிட்டத்தில் ஒன்று. 62 சேலை, 186 படம்.

"அண்ணே, போன்ல நேராத்தான் இருக்கு. ஏத்துனா படுத்துக்குது. சிலது மட்டும் சரியா வருது. என்னான்னே புரியல."

முதலில் எங்கள் வீட்டுப் பழைய கணினியில் பார்த்தேன். விண்டோஸ் 7 ஓடுகிற கிழம். தங்கை அனுப்பிய மூலப் படத்தைத் திறந்தால் அதிலும் சேலை படுத்திருந்தது. சரி, படமே அப்படித்தான் எடுத்திருக்கிறாள், போன்தான் ஏதோ சமாளித்துக் காட்டுகிறது என்று முடிவு கட்டினேன். பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு போன பாதை முழுத் தப்பு.

"கேலரியில திருப்பிட்டு சேவ் பண்ணி ஏத்து" என்றேன். திருப்பினாள், ஏற்றினாள், அப்படியே படுத்திருந்தது. இன்னொரு தடவை திருப்பி, போனில் தலைகீழாக இருக்கும்போது ஏற்றச் சொன்னேன். தளத்தில் அதே படுக்கை, அதே திசை. நாலு திசையிலும் செய்து பார்த்தோம். போனில் எப்படித் திருப்பினாலும் தளத்தில் ஒரே மாதிரி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அந்தக் கேலரி படத்தைத் தொடவே இல்லை என்று. உறைக்கவில்லை.

அப்புறம் வாட்ஸ்அப் வைத்தியம். தனக்குத்தானே அனுப்பி, வந்த படத்தை இறக்கி ஏற்றினால் நேராக நிற்கிறது என்று தங்கையே கண்டுபிடித்தாள். நிஜமாகவே நின்றது. எனக்கும் சந்தோஷம், வேலை முடிந்தது என்று. ஆனால் 3000×4000 ஆகப் போன படம் 1200×1600 ஆகத் திரும்பி வந்திருந்தது. மற்ற பொருளாக இருந்தால் விட்டிருப்பேன். சுங்குடியில் புள்ளிதான் சரக்கே. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த புள்ளி என்றால், நடுவில் மட்டும் வெள்ளை, விளிம்பு லேசாகக் கசிந்து, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அச்சடித்த புள்ளி எல்லாம் ஒரே வார்ப்பு. வாங்குகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி அதைத்தான் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போய்வந்த படத்தில் பெரிதாக்கினால் புள்ளி எல்லாம் மாவுப் பொட்டு மாதிரி மங்கிக் கிடந்தது. முடிச்சும் அச்சும் ஒன்றாகிவிட்டது. அந்த வழி வேண்டாம் என்று தங்கையே சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வார இறுதியில்தான் கொஞ்சம் ஒழுங்காக யோசித்தேன். ஏ4 தாள் ஒன்றில் மார்க்கரால் பெரிதாக 'மேல்' என்று எழுதி, மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். தங்கை போனால் நாலு படம்: போனை நட்டமாகப் பிடித்து ஒன்று, போனின் தலை இடப்பக்கம் இருக்கும்படி ஒன்று, வலப்பக்கம் இருக்கும்படி ஒன்று, தலைகீழாக ஒன்று. நாலையும் லினக்ஸ் கணினிக்கு மாற்றி எக்ஸிஃப்டூலில் திறந்து பார்த்தேன். இது இலவச நிரல். படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் குறிப்புகளை எல்லாம் வரிசையாகக் காட்டும்.

அதில் ஓரியன்டேஷன் என்று ஒரு வரி. நட்டமாக எடுத்ததற்கு 6. தலை இடப்பக்கம் என்றால் 1. வலப்பக்கம் என்றால் 3. தலைகீழுக்கு 8. நாலு படத்துக்கும் அகலம் 4000, உயரம் 3000 என்றே இருந்தது. அதாவது போனை எப்படிப் பிடித்தாலும் சென்சார் கிடைமட்டமாகத்தான் படத்தை எழுதுகிறது. அந்த ஓரியன்டேஷன் வரிதான் படத்தோடு ஒட்டிய சீட்டு மாதிரி: '6 — காட்டும்போது 90 டிகிரி வலப்பக்கம் திருப்பிக் காட்டு.' 1 என்றால் அப்படியே காட்டு, 3 என்றால் 180, 8 என்றால் 90 டிகிரி இடப்பக்கம். 2, 4, 5, 7 எல்லாம் கண்ணாடிப் பிம்பம் மாதிரி புரட்டுவதற்கு. எங்கள் 186 படத்தில் ஒன்றில்கூட அது இல்லை.

சீட்டைப் படிக்கிற நிரல் படத்தை நேராகக் காட்டுகிறது. படிக்காத நிரல் உள்ளே எழுதியிருப்பதை அப்படியே காட்டுகிறது. எங்கள் கிழக் கணினி படிக்காத ஜாதி. தங்கையின் கேலரி ஒவ்வொரு தடவை 'திருப்பு'ம்போதும் சீட்டில் எண்ணைத்தான் மாற்றிக்கொண்டிருந்தது.

சரி, அப்படியானால் குரோமில் ஏன் படுத்துத் தெரிகிறது? இணையத்தில் தேடினால் 'பிரவுசர்கள் இந்தக் குறிப்பை மதிக்காது' என்று பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். அவை எல்லாம் பழைய பதில்கள். 2020இல் குரோம் 81, ஃபயர்ஃபாக்ஸ் 77, சஃபாரி 13.1 வந்ததிலிருந்து பிரவுசர்கள் தாமாகவே சீட்டைப் பார்த்துத் திருப்பிக் காட்டுகின்றன. அந்தப் பழைய பதில்களை நம்பி ஒரு முழு இரவு பக்கத்தின் வடிவமைப்புக் கோப்பில் படத்தைச் சுழற்றும் வரிகளை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

விடை தளத்திலேயே இருந்தது. பட்டியலில் சின்னதாகத் தெரிகிற சேலை படுத்திருந்தது. அதைத் தட்டினால் திறக்கிற பெரிய படம் நேராக நின்றது! இத்தனை நாளும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை. நானும்தான். பெரிய படம் தங்கை ஏற்றிய அதே கோப்பு, சீட்டு அப்படியே இருக்கிறது, பிரவுசர் படிக்கிறது. சின்னப் படம் பிஎச்பி நிரல் ஜிடி என்கிற நூலகத்தை வைத்து 1200 பிக்சலுக்குச் சுருக்கி எழுதியது. ஜிடி பிக்சலை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். சீட்டைப் படிக்கவும் படிக்காது, புதுக் கோப்பில் ஒட்டவும் ஒட்டாது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் பாவம் பிரவுசர் என்ன செய்யும்?

இங்கேயே சர்வர் நிரலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிரலைத் திறந்ததும் மூடிவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் எழுதிய 900 வரி. குறிப்பு ஒன்றுகூட இல்லை. அதைவிட 186 கோப்பையும் வெளியிலேயே நேராக்கி மறுபடி ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. சோம்பேறித்தனம்தான்.

தங்கை படங்களை எல்லாம் பென்டிரைவில் கொடுத்தாள். இமேஜ்மேஜிக் என்கிற படம் திருத்தும் நிரலில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை. கோப்புறை முழுக்க ஒரே அடியில் மாற்றி, பழையதன் மேலேயே எழுதிவிடும். 'ரொட்டேட் 90' என்று கொடுத்து, பென்டிரைவிலேயே ஓட்டினேன். நகல் எடுக்கவில்லை. நாலு நிமிடத்தில் முடிந்தது.

திறந்து பார்த்தால், இதுவரை படுத்திருந்த சேலைகள் என் கிழக் கணினியில் நிமிர்ந்து நிற்கின்றன, போனில் படுத்துவிட்டன. நோய் அப்படியே இடம் மாறிவிட்டது. இந்த ரொட்டேட் பிக்சலைத் திருப்பியதே தவிர சீட்டில் இருந்த 6ஐ மாற்றவில்லை. நிமிர்ந்த படத்தின் மேல் 'இன்னும் 90 திருப்பு' என்ற சீட்டு. தவிர, சீட்டில் 1 இருந்த படங்கள் ஏற்கெனவே நேராக இருந்தவை. அவற்றையும் சேர்த்துத் திருப்பிப் படுக்கவைத்திருந்தேன். 'ஆட்டோ ஓரியண்ட்' என்று கொடுத்திருந்தால் ஒவ்வொரு சீட்டையும் படித்து, தேவையானதை மட்டும் திருப்பி, சீட்டை 1 ஆக்கியிருக்கும். ஒரு சொல் வித்தியாசம்.

மூலம் போனில் இருக்குமே என்று தங்கையைக் கூப்பிட்டேன். "இடம் இல்லைன்னு பழசெல்லாம் அழிச்சுட்டேண்ணே, அதான் உங்ககிட்ட குடுத்தாச்சே." 20 சேலையின் படங்கள், அதாவது 60 கோப்பு, வேறு எங்கும் இல்லை.

காப்பாற்றியது சீட்டுதான். எல்லாப் படமும் ஒரே அளவு, வலப்பக்கம் 90, திரும்பியிருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு சீட்டிலும் அந்த 90ஐக் கழித்துவிட்டால் போதும். தாளில் எழுதிப் பார்த்தேன்: 6 இருந்தால் 1, 1 இருந்தால் 8, 8 இருந்தால் 3, 3 இருந்தால் 6. எக்ஸிஃப்டூலால் முதலில் எண் வாரியாக நாலு கோப்புறையாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம் மாற்றினேன். பிரிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளை கொடுத்தால் 6 எல்லாம் 1 ஆகி, அடுத்த கட்டளையில் அதே 1 எல்லாம் 8 ஆகிவிடும். இந்தத் தடவை யோசித்துவிட்டுச் செய்தேன்.

அதிலும் ஒரு வேடிக்கை. கோப்புறையில் சின்னதாகத் தெரியும்போது படுத்திருக்கிறது, திறந்தால் நேராக இருக்கிறது. அரை மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். கேமரா ஒவ்வொரு கோப்புக்குள்ளும் முன்னோட்டத்துக்கென்று ஒரு குட்டிப் படத்தையும் சொருகிவைக்கிறது. பெரியதைத் திருப்பினோம், குட்டி பழைய திசையிலேயே இருந்தது. எக்ஸிஃப்டூலால் குட்டியை நீக்கியதும் சரியாகிவிட்டது.

போனில் மீதமிருந்த 42 சேலையின் மூலங்களை மறுபடி வாங்கி, இந்தத் தடவை நகல் எடுத்துவைத்துக்கொண்டு ஜேபெக்ட்ரான் என்கிற இன்னொரு நிரலை முயன்றேன். மோக்ரிஃபை படத்தைப் பிரித்து, திருப்பி, மறுபடி சுருக்கி எழுதுகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும். ஜேபெக்ட்ரான் பிரிக்காமல், படம் எந்தக் கட்டங்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அந்தக் கட்டங்களை அப்படியே இடம் மாற்றிவைக்கும். தரம் ஒரு துளியும் போகாது. கேட்க அருமையாக இருக்கிறது. முதல் படத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை மெல்லிசாக ஒரு பட்டை, அதில் வேறு எங்கோ இருக்க வேண்டிய பாய்க் கோரை.

இந்த போன் எழுதும் படத்தில் ஒரு கட்டம் 16 பிக்சல். 4000ஐ 16ஆல் வகுத்தால் 250, மீதி இல்லை. 3000ஐ வகுத்தால் 187 கட்டம் போக 8 பிக்சல் மீதி. படத்தின் அடியில் இருக்கும் அந்த அரைக் கட்டம், திருப்பும்போது இடது ஓரத்துக்குப் போக வேண்டும். அரைக் கட்டத்தை அங்கே வைக்க ஜேபெக் முறையில் வழி இல்லை என்பதால் வலது ஓரத்திலேயே கிடக்கிறது. 4032×3024 எடுக்கிற போன்களில் இந்தத் தொல்லை இராது. இரண்டுமே 16ஆல் வகுபடும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 'டிரிம்' என்று சேர்த்துக் கொடுத்தால் பட்டையை வெட்டிவிடும். படம் 2992×4000 ஆகும். 8 பிக்சல் பாய் போனால் போகட்டும். இதையெல்லாம் மொத்தமாகச் செய்ய ஜேஹெட் என்று ஒரு நிரல் இருக்கிறது. ஆட்டோராட் என்று கொடுத்தால் சீட்டைப் படித்து, ஜேபெக்ட்ரானை வெட்டோடு கூப்பிட்டு, சீட்டை 1 ஆக்கி, எல்லாம் அதுவே செய்துவிடும். 126 படம், இரண்டு நிமிடத்துக்குள்.

எல்லாவற்றையும் சனிக்கிழமை ராத்திரி ஏற்றினோம். கொடியில் தொங்கிய 62ம் கம்பீரமாக நின்றன. ஞாயிறு காலை தங்கை புதுசாக மூன்று சேலை எடுத்துப் போனிலிருந்தே ஏற்றினாள். மூன்றும் படுத்துக்கொண்டன.

அதற்கு மேல் ஓட இடமில்லை. 900 வரியைத் திறந்தேன். படத்தைச் சுருக்கும் பகுதி மொத்தமே 22 வரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரமாக அதற்குப் பயந்திருக்கிறேன்.

அதன் முடிவில் 'சீட்டைப் படி, எண்ணுக்கு ஏற்பத் திருப்பு' என்று நாலு வரி சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுருக்கிய கோப்பில் போய்ச் சீட்டைத் தேடியிருக்கிறேன். அதில் ஏது சீட்டு! ஏற்றிய மூலக் கோப்பிலிருந்து படிக்க மாற்றினேன். இப்போது பிழை: அந்தச் சர்வரில் சீட்டைப் படிக்கிற எக்ஸிஃப் நீட்சியே செயலில் இல்லை. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பெட்டியில் டிக் போட்டதும் வந்துவிட்டது.

அடுத்த தடவை ஏற்றியதும் வெள்ளைப் பக்கம். பிழைப் பதிவேட்டில் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று இருந்தது. எங்களுக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 64 எம்பி. ஜிடி ஒரு பிக்சலுக்கு 4 பைட் எடுக்கும். 4000×3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல், 46 எம்பிக்குப் பக்கம். திருப்பும்போது பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டு பிரதி நினைவகத்தில் நிற்க வேண்டும். எங்கே போக? வரம்பை உயர்த்தப் பணம் கேட்பார்கள். வரிசையை மாற்றினேன்: முதலில் சுருக்கு, அப்புறம் திருப்பு. 1200×900 படத்துக்கு 4 எம்பிக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். இரண்டு வரியை இடம் மாற்றியதோடு சரி.

ஏற்றினேன். சேலை படுக்கவில்லை. நட்டமாகத்தான் தெரிந்தது. தங்கைக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன்.

"அண்ணே, கிளிப்பு கீழ இருக்கு. குஞ்சமெல்லாம் ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்குது."

முந்திக் குஞ்சம் அந்தரத்தில் மேல்நோக்கி நிற்கிற சேலையைப் பார்த்து 'சரியாயிடுச்சு' என்று அனுப்பியவன் நான். ஜிடியின் திருப்பும் கட்டளையில் 90 என்றால் இடப்பக்கம். கடிகாரத்துக்கு எதிர்த் திசை. சீட்டு சொல்வது வலப்பக்கம். ஆக 6க்கு மைனஸ் 90 கொடுக்க வேண்டும், 8க்கு 90. மாற்றினேன், நின்றது. 'மேல்' தாளின் நாலு படத்தையும் ஏற்றிப் பார்த்தேன். நாலு அம்பும் மேலே பார்த்தன. இந்தத் தாளை முதலிலேயே ஏற்றியிருந்தால் குஞ்சம் விஷயம் தங்கை வரைக்கும் போயிருக்காது. தலைகீழ்ப் படத்தைக் கண்டுபிடிக்கச் சேலையைவிட எழுத்து நல்லது.

நிமிர்ந்ததும் இன்னொன்று கிளம்பியது. பட்டியலில் ஒவ்வொரு சேலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுத் தெரிந்தன. படங்கள் எப்போதும் படுத்தே வந்ததால், தளத்தை எழுதிய பையன் பெட்டியையும் படுத்த அளவுக்கே தைத்துவைத்திருக்கிறான், அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு. அதை மூன்றுக்கு நாலாக மாற்றினேன். போனில் பார்க்க முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

இடையில் கண்ணில் பட்ட இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸிஃப்டூல் காட்டிய பட்டியலில் கீழே ஜிபிஎஸ் என்று இரண்டு எண். மேப்பில் போட்டுப் பார்த்தேன். தங்கை வீட்டு மாடியில், கொடி கட்டியிருக்கும் மூலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெரிய படம் மூலக் கோப்பாகவே தளத்தில் கிடந்ததால், யார் வேண்டுமானாலும் இறக்கி அந்த வீட்டைக் கண்டுபிடிக்கலாம். நாலு வருஷமாக இப்படி. கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தை அணைத்தோம். பெரிய படத்தையும் 2000 பிக்சலுக்குச் சுருக்கி, அதே வழியில் திருப்பி எழுதும்படி மாற்றினேன். சீட்டைக் கிழிக்கிற ஜிடியின் கெட்ட பழக்கம் இங்கே உதவியது. ஜிபிஎஸ் எண்ணும் சேர்ந்தே போய்விட்டது. 2000 பிக்சலில் முடிச்சுப் புள்ளியின் கசிவு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தோம். தெரிகிறது.

இனி பாயில் எடுத்த 124 படம். இதில்தான் என் கணக்கு உதைத்தது. எல்லாச் சீட்டையும் ஒழுங்காகப் படித்த பிறகும் 41 படம் கோணலாகவே இருந்தன. மடித்த சேலை பக்கவாட்டில், முந்தி தலைகீழாக. எக்ஸிஃப்டூலில் பார்த்தால், ஒரே மாதிரி நின்று எடுத்த அடுத்தடுத்த படங்களில் ஒன்றுக்கு 6, அடுத்ததற்கு 1, அதற்கடுத்ததற்கு 8.

காரணம் எளிது. எது கீழ் என்று போனுக்குச் சொல்வது புவியீர்ப்பை உணரும் சென்சார். போன் நட்டமாக இருந்தால் ஈர்ப்பு அதன் ஏதாவதொரு விளிம்பை நோக்கி இருக்கும், எது அடி என்று தெரியும். பாய்க்கு நேர் மேலே போனைத் தட்டையாகப் பிடித்தால் ஈர்ப்பு திரைக்கு நேர் பின்னால் போகிறது. நாலு விளிம்புக்கும் சம தூரம். அப்போது போன் கடைசியாகத் தனக்குத் தெரிந்த திசையைச் சீட்டில் எழுதிவிடுகிறது. தப்பான சீட்டை எந்தச் சர்வர் நிரலாலும் திருத்த முடியாது.

லேசாகச் சாய்த்துப் பிடித்தால் போதுமே என்று அட்டையில் ஆப்பு வெட்டி, கோணமானி வைத்துப் பார்த்தேன். 10 டிகிரிக்கு அசையவில்லை. 15, 20, ஊகூம். 27 தாண்டி 30க்குப் பக்கம் போனபோதுதான் கேமராத் திரையின் ஐகான்கள் திரும்பின. அந்தச் சாய்வில் எடுத்தால் மடித்த சேலை ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகித் தெரிகிறது. அட்டை வீண்.

கடைசியில் செய்தது ஒரு சட்டம். முக்கால் அங்குலப் பிவிசி குழாய் பத்தடி, 160 ரூபாய். எல்போ நாலு 48, டீ வடிவ இணைப்பு இரண்டு 36, போன் பிடிப்பான் 190. பாயிலிருந்து மூன்றடி உயரத்தில் போன் நின்றால் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று அடி இடம் படத்தில் அடங்குகிறது. மடித்த சேலைக்குத் தாராளம். முக்கியமான சாமான் 25 ரூபாய்க் கீல். பிடிப்பானைச் சட்டத்தில் நேரடியாக முடுக்காமல், ஒரு சாண் பிளைவுட் துண்டில் முடுக்கி, அந்தத் துண்டைக் கீல் வைத்துச் சட்டத்தில் பொருத்தினேன். தங்கை போனை நட்டமாக நிற்கும் பலகையில் சொருகுவாள், கேமராவைத் திறப்பாள், ஐகான்கள் நேராக நிற்பதைப் பார்ப்பாள், அப்புறம் பலகையைக் கீழே மடக்குவாள். போனுக்குக் கடைசியாகத் தெரிந்த திசை எப்போதும் நட்டம்தான். மடக்கியபடியே இருபது படம் எடுத்தாலும் சீட்டில் 6 மாறவில்லை. திரை அணைந்து கேமரா செயலியை மறுபடி திறக்க வேண்டிவந்தால் மட்டும் மறந்துவிடும். ஒரு தடவை நிமிர்த்தி மடக்கினால் சரி.

மொத்தம் 459 ரூபாய். குழாய்க்குப் பசை போடாமல் சொருகி மட்டும் பார்த்தேன், தட்டினால் தலையாட்டியது. பசை கடனாகக் கிடைத்ததால் கணக்கில் இல்லை. சட்டத்தின் கால் நிழல் காலை வெயிலில் சேலைக் கரை மேல் விழுகிறது. இப்போதைக்குச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவைத்திருக்கிறோம். அடுத்ததில் கால்களை ஒரே பக்கமாக வைப்பேன்.

பழைய 41 படத்துக்குக் குறுக்கு வழி இல்லை. இடம், வலம், தலைகீழ் என்று மூன்று கோப்புறையில் கண்ணால் பார்த்துப் பிரித்தேன். 35 நிமிடம் ஆனது. ஒவ்வொரு கோப்புறைக்கும் ஜேபெக்ட்ரானில் ஒரு கட்டளை. இதை முடித்த பிறகுதான் தோன்றியது: ஏற்றும் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே '90 திருப்பு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால், இந்த 41ஐயும் தங்கையே டீ குடிக்கிற நேரத்தில் முடித்திருப்பாள். நிரல் எழுத எனக்கு அரை மணி நேரம்தான் பிடித்தது. மறுபடி இதே வேலை வந்தால் முதல் நாளே அந்தப் பொத்தானை வைத்துவிடுவேன். அதற்கும் முன்னால் பென்டிரைவை நகலெடுப்பேன். இப்படித் தனியாக எழுதிய தளமாக இல்லாமல், வேர்ட்பிரஸ் என்கிற ஆயத்தத் தள நிரலாக இருந்திருந்தால் இதில் முக்கால்வாசி வேலையே இல்லை, 5.3 பதிப்பிலிருந்து, அதாவது 2019 கடைசியிலிருந்து, ஏற்றும்போது அதுவே சீட்டைப் பார்த்துத் திருப்பிக்கொள்கிறது. தங்கைக்கு அதற்கு மாறலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. எனக்கு இப்போதைக்கு இல்லை.

ஒரு படம் மட்டும் இன்னும் படுத்தே கிடக்கிறது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி, முந்தியைக் கிட்டத்தில் எடுத்தது. என் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. பொத்தானை அழுத்தச் சொன்னேன். "அது வித்துருச்சுண்ணே, விடுங்க" என்றுவிட்டாள்.